கறுப்பு பீர் ரத்தம் ஊறச் செய்யுமா?

கன்னங்கரேல் என்று இருக்கும். மேலே நுரை கட்டி நிற்கும். குடித்தால் கசக்கும். இதுதான் "ஸ்டௌட்" என்னும் பீர். அயர்லாந்து நாட்டில் இது மிகவும் பிரசித்தம்.

"இது குடி அல்ல, மருந்து! ரத்தம் ஊறும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கும்" என்று அங்கே பல தலைமுறையாக நம்பினார்கள். ரத்ததானம் செய்தவர்களுக்கே ஒரு காலத்தில் ஸ்டௌட் கொடுத்தார்கள்!

இந்த நம்பிக்கை சரியா? சரி அல்ல.

கறுப்பு வந்தது எப்படி?

அந்தக் கறுப்பு, இரும்புச் சத்தின் நிறம் அல்ல. அடுப்பு கொடுத்த நிறம்.

பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்துகிறார்கள். கேழ்வரகை முளைகட்டி மாவு அரைக்கும் தாய்மார்களுக்கு இது புதிய வேலை அல்ல. இன்னும் கொஞ்சம் பார்லியைத் தனியே எடுத்து, காப்பிக் கொட்டையைப் போலக் கறுக்க வறுக்கிறார்கள். பத்தில் ஒரு பங்கு வறுத்தாலே போதும், எல்லாம் கறுத்துவிடும்.

இரண்டையும் உடைத்து வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்புச் சாறு இறங்கும். "ஹாப்ஸ்" என்ற கசப்புப் பூவைப் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் இனிப்பைத் தின்று சாராயச் சத்தாக மாற்றுகிறது. சாறு கெட்டியாக இருந்தால் பீரும் கடுமையாக இருக்கும்.

9,000 ஆண்டுக் குத்தகை!

1759-ல் ஆர்தர் கின்னஸ் என்பவர் டப்ளின் நகரில் ஒரு பீர் ஆலையைக் குத்தகைக்கு எடுத்தார். ஆண்டுக்கு 45 பவுன் வாடகை. குத்தகைக் காலம் 9,000 ஆண்டுகள்! பின்னாளில் ஸ்டௌட்டினால் அந்த ஆலை உலகப் புகழ் பெற்றது.

1899-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார் வில்லியம் கோசெட். நாலைந்து சோதனைகளை மட்டும் செய்துவிட்டு ஒரு முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம்? அதற்கு ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார். சொந்தப் பெயரில் எழுத ஆலை அனுமதிக்கவில்லை. "மாணவர்" என்ற புனைபெயரில் 1908-ல் வெளியிட்டார். மருந்துகளைச் சோதிக்கும் விஞ்ஞானிகள் இன்றும் அந்தக் கணக்கைப் பயன்படுத்துகிறார்கள்.

விளம்பரம் பிறந்தது

அதே ஆலை 1929-ல் "கின்னஸ் உங்களுக்கு நல்லது" என்று விளம்பரம் செய்தது. எப்படித் தெரிந்ததாம்? "ஏன் குடிக்கிறீர்கள்?" என்று குடிப்பவர்களைக் கேட்டார்கள். "உடம்புக்கு நல்லது" என்றார்கள். அதையே அச்சடித்து அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள்!

பார்லியைச் சோதித்துப் பார்த்தவர்கள், இந்தப் பேச்சைச் சோதித்துப் பார்க்கவில்லை. அந்த விளம்பரம் இப்போது இல்லை. நம்பிக்கை மட்டும் இன்னும் சாகவில்லை.

தாய்மாருக்கு ஆபத்து

ஸ்டௌட்டில் இரும்புச் சத்து மிகச் சொற்பம். தாய் குடித்தால் பால் பெருகாது, குறையும். சாராயம் பாலில் இறங்கும். பாலோடு குழந்தையின் வயிற்றுக்கும் போகும்.

"எங்கள் பாட்டி குடித்தாள். பத்துப் பிள்ளை பெற்றாள்" என்பார்கள். ஒரு பாட்டியை வைத்துக் கணக்குப் போடலாமா? கோசெட் இருந்தால் சிரித்திருப்பார்!

ரத்தம் குறைவா? வைத்தியரிடம் காட்டுங்கள். கீரை, பயறு, முட்டை சாப்பிடுங்கள். ஸ்டௌட் காய்ச்சுபவரின் கைத்திறனைப் பாராட்டலாம். அதற்காக அவரை வைத்தியராக்கிவிடக் கூடாது.