பிறர் சமயம் பயில்வது பிழையோ?

"பட்டம் பெற்றபின் யாது செய்யக் கருதியிருக்கிறாய், தம்பி?" என்று சென்ற விடுமுறையில் ஆரணியில் எங்கள் திருச்சபை மூப்பர் ஒருவர் என்னை வினவினார். "எம்.ஏ. வகுப்பில் சேர்ந்து, நம் தொண்டை நாட்டுச் சமணர் வரலாற்றை ஆராய விரும்புகிறேன், ஐயா" என்றேன். அவர் முகம் வாடிற்று. "நம் வேதத்தையே முற்றக் கல்லாத நீ பிறர் சமயத்தைக் கற்றுப் பெறப்போவது என்ன?" என்றார். பெரியவர் முன் மறுத்துரைக்க நா எழவில்லை. ஆயினும் அவ்வினா என்னை விட்டு அகலவுமில்லை. அதற்கு விடை காணும் முயற்சியே இச்சிறு கட்டுரை.

ஆரணிக்கு அணித்தேயுள்ள வேலூரில், ஊரிஸ் கல்லூரியில் 1900 முதல் 1904 வரை பயின்ற ஒரு மாணவரை முதற்கண் நினைவு கூர்வோம். அவர் திருத்தணியிற் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். வேலூரை விட்டுச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி புகுந்த அவர், தத்துவத்தைப் பாடமாகக் கொண்டதும் வறுமையின் பயனே. உறவினர் ஒருவர் தாம் படித்து முடித்த நூல்களைக் கொடுத்தமையால் அத்துறையை மேற்கொண்டார் என்பர். வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்று மிஷன் ஆசிரியர் கூறிய கண்டனம் அவர் உள்ளத்தைத் தைத்தது. அதனை மறுக்க எண்ணி, வேதாந்த அறநெறியையும் அதன் தத்துவ அடிப்படைகளையும் பொருளாகக் கொண்டு எம்.ஏ. பட்டத்திற்கு ஓர் ஆராய்ச்சியுரை வரைந்தார். 1908இல் அது நூலாக வெளிவந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ இருபது. பின்னர் 1936இல் ஆக்ஸ்போர்டில் கீழைச் சமயங்களுக்கும் அறவியலுக்குமுரிய பேராசிரியராயினார்.

இவ்வரலாற்றில் மாணவரை மட்டும் புகழ்தல் போதாது. தம் கல்லூரியின் சமயத்திற்கு விடையிறுக்க எழுந்த அவ்வுரையைப் பாராட்டி நற்சான்று வழங்கியவர் அக்கல்லூரிப் பேராசிரியராகிய ஏ. ஜி. ஹாக் என்னும் கிறிஸ்தவ மிஷனரியே. ஹாக் தம் விசுவாசத்தை நெகிழவிட்டாரல்லர். மாணவரும் தம் நெறியைக் கைவிட்டாரல்லர். எனினும் ஒருவரையொருவர் ஊன்றிக் கற்றனர். மிஷன் கல்லூரியின் பெருமை இதனினும் வேறுண்டோ?

ஆயினும் வாதத்திற்கு விடையாகச் சமயத்தைக் கற்பது தொடக்கமே, முடிவன்று. கொள்கைகளை மட்டும் எடைபோடின், அவற்றைக் கைக்கொண்டு வாழ்ந்த மக்கள் மறைந்துவிடுவர். அவர்களை நம் கண்முன் நிறுத்துவது வரலாறு. பாவும் ஊடையும் கூடினாலன்றிப் புடைவை இல்லை என்பதை எங்கள் ஊரில் சிறுவரும் அறிவர். சமயக் கல்வியும் வரலாற்றுக் கல்வியும் அத்தகையனவே.

போளூருக்கு அருகிலுள்ள திருமலையைச் சான்றாகக் காட்டுவேன். முதலாம் இராசேந்திர சோழனின் கங்கை வெற்றியைக் கூறும் புகழ்பெற்ற கல்வெட்டு, அச்சமணக் குன்றின் பாறையிலே உள்ளது. ஹுல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அதனை 1890இல் பதிப்பித்தார். பேரரசனின் வெற்றிகளையெல்லாம் அடுக்கிய பின்னர், அவனது பதின்மூன்றாம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 1025ஐ ஒட்டி, நிகழ்ந்த ஓர் எளிய செயலை அது சொல்லுகிறது: வணிகன் நன்னப்பயன் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்திற்கு ஒரு நந்தாவிளக்கிற்கு 20 காசும், திருவமுதிற்கு 10 காசும் அளித்தாள். கல்வெட்டைச் சைவ மன்னனின் புகழாக மட்டும் படிப்போர்க்கு அப்பெண் புலப்படாள். சமணத்தைக் கொள்கையாக மட்டும் படிப்போர்க்கும் புலப்படாள்.

தமிழ் பயில்வோர்க்கு இவ்வழி புதிதன்று. சைவ மடத்திலே கற்றுத் தேர்ந்த உ. வே. சாமிநாதையர், குடந்தைச் சமணரிடம் ஐயம் தெளிந்தே சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார். பிறர் சமயத்தை விலக்கியிருப்பின் அந்நூல் நமக்கு இவ்வாறு விளங்கியிராது. இத்தாலியரான வீரமாமுனிவரின் தேம்பாவணியையும், உமறுப்புலவரின் சீறாப்புராணத்தையும் நாம் தமிழ்ச் செல்வமென்றே போற்றுகிறோம்.

மூப்பர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. தன் நெறியை அறியாதவன் பிறர் நெறியை அளக்க அளவுகோல் இல்லாதவன். எல்லாச் சமயமும் ஒன்றே என்று மேலோட்டமாகக் கூறித் திரிவதும் கல்வியாகாது. அது இருசாராரையும் உணராமைக்கு அடையாளம். ஆனால் அயலானை நேசி என்று கட்டளை பெற்ற நாம், அவன் எதனை வணங்குகிறான், ஏன் வணங்குகிறான் என்று கேளாமலே நேசிப்பதெங்ஙனம்? ஆரணிப் பகுதியில் நயினார் எனப்படும் தமிழ்ச் சமணர் இன்றும் வாழ்கின்றனர். அவரோடு ஒரே கடைத்தெருவில் நடந்தும், அவர் முன்னோர் வரலாற்றை நான் அறிந்தது ஒரு பாடநூலின் அடிக்குறிப்பிலேதான். இதற்கு நாணுகிறேன்.

ஆதலின் நம் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் தமதல்லாத சமயத்தின் பழஞ்சின்னம் ஒன்றையேனும் நேரிற் சென்று கண்டு, அதன் வரலாற்றை அச்சமயத்தார் வாயிலாகவே கேட்டு எழுதுதல் வேண்டும். யானோ, அடுத்த விடுமுறையில் திருமலைக்கு உடன் வருமாறு அம்மூப்பரையே வேண்டிக்கொள்ள எண்ணியுள்ளேன். சாமுண்டப்பையின் பெயரை அவர் கேட்ட பின்னரும் தம் வினாவை மீண்டும் வினவுவாராயின், அப்போது பணிவுடன் விடை கூறுவேன்.