குதிரைக்கு ஏன் கோபம் வந்தது?

நெய்வேலிக்காரர்களுக்குக் குதிரை என்றால் இரண்டுதான். ஒன்று, சுற்றுக் கிராமங்களில் அய்யனார் கோயில் வாசலில் நிற்கும் சிலைக் குதிரை. இன்னொன்று, கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு வரும் குதிரை. முதல் குதிரை யாரையும் கடிக்காது. இரண்டாவது கடித்ததால்தான் இந்தப் பதிவு.

போன வைகாசியில் பக்கத்து வட்டத்தில் ஒரு கல்யாணம். வெள்ளைப் பெட்டைக் குதிரை, ஜிகினா போர்வை, முன்னால் பேண்டு செட், நடுநடுவே சரவெடி. மாப்பிள்ளையை ஏற்றும் முன் குதிரைக்காரர் சேணவாரை இழுத்து இறுக்கினார். அவ்வளவுதான். குதிரை சட்டென்று திரும்பி, பக்கத்தில் நின்ற எட்டாம் வகுப்புப் பையனின் முன்கையைக் கடித்துவிட்டது. பின்னங்காலால் உதைத்ததில் லைட் வண்டி சாய்ந்தது. கூட்டம் சிதறியது. குதிரைக்கு நாலு சாட்டையடி. மாப்பிள்ளை காரில் ஏறிப் போய்விட்டார். ஒரு பெரியவர் மட்டும், "குதிரை குணமறிஞ்சுதான் தம்பிரான் கொம்பு கொடுக்கலை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

பிறகு குதிரைக்காரர் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. "நாலு வருஷமா வெச்சிருக்கேன் தம்பி. சின்னப் புள்ளைங்க வயித்துக்கு அடியில பூந்து வருவாங்க, சும்மா நிப்பா. இப்ப ஒரு மாசமாத்தான் பேய் புடிச்ச மாதிரி ஆயிட்டா. ஆடியில அந்தியூர் சந்தைக்குக் கொண்டுபோய்த் தள்ளிடப் போறேன்."

நாலு வருடம் சாதுவாக இருந்த பிராணிக்கு ஒரே மாதத்தில் குணம் மாறுமா?

கல்யாணத்துக்கு வந்திருந்தவர்களில் என் பெரியப்பா மகளும் ஒருத்தி. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். அவள் குதிரையிடம் போகவில்லை. முதலில் பையனிடம் போனாள். யாரோ காயத்தில் மஞ்சள் அப்பியிருந்தார்கள். அதைக் கழுவி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் விடாமல் கழுவ வைத்தாள். "இன்னைக்கே ஊசி போட்டாகணும்" என்றாள். குதிரை கடித்தால் நாய்க்கடி ஊசியா என்று சிலர் கேலி செய்தார்கள். வெறிநோய் பாலூட்டிகள் எதற்கும் வரும். சாதுவான குதிரை திடீரென்று மூர்க்கமானால் டாக்டர்கள் சந்தேகிக்கும் நோய்களில் அதுவும் ஒன்று. 10 நாள் கட்டிவைத்துப் பார்க்கும் கணக்கு நாய்க்கும் பூனைக்கும்தான், குதிரைக்குக் கிடையாது. நோய்க்குறி தெரிந்த பிறகு மனிதனுக்கும் மருந்து இல்லை. பையனுக்கு அன்றிரவே ஊசி ஆரம்பித்தார்கள்.

குதிரைக்காரரிடம் அக்கா கேட்டது ஒரே கேள்வி. "அண்ணே, சினையா?"

"ஆமாம்மா, ஏழு மாசம் இருக்கும்."

மறுநாள் காலையில் கால்நடை டாக்டர் வந்தார். போர்வையையும் சேணத்தையும் கழற்றிப் பார்த்தால், வயிற்றுக்கு அடியில் வார் பதியும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். வயிறு பெருத்துக்கொண்டே போகிறது, வாரை மட்டும் பழைய ஓட்டையிலேயே மாட்டியிருக்கிறார். ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் அந்தப் புண்ணின் மேலேயே இழுத்து இறுக்கியிருக்கிறார்கள். ஜிகினா போர்வைக்கு அடியில் இருந்ததால் நம் கண்ணில் படவில்லை.

வெறிநோய்க்கான வேறு குறி எதுவும் இல்லை. இருந்தாலும் கொஞ்ச நாள் தனியாகக் கட்டிக் கவனிக்கச் சொல்லிவிட்டுப் போனார் டாக்டர்.

அக்கா சொன்னதையும் நான் படித்ததையும் வைத்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். குதிரையின் சினைக்காலம் சராசரியாக 340 நாள், கிட்டத்தட்ட 11 மாதம். சினையான சில மாதங்களில் ஆண்தன்மைக்குரிய டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீர் ரத்தத்தில் ஏறும், பேறுகாலம் நெருங்க நெருங்க இறங்கும். அந்த நாட்களில் சில பெட்டைக் குதிரைகள் முரட்டுத்தனம் காட்டும். வயிற்றுக்குள் குட்டியின் எடை பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் ஏறுகிறது. இதற்கு மேல் வயிற்றுவலி, பல்வலி, குளம்புவலி, சேணப்புண் என்று எது வந்தாலும் குதிரைக்கு வாய்விட்டுச் சொல்லத் தெரியாது.

ஆனால் உடம்பால் சொல்லும். காதைப் பின்னால் மடக்கும். வாலை விசிறி அடிக்கும். வாரைத் தொட்டாலே பல்லைக் காட்டும். வயிற்றுவலி என்றால் விலாவைத் திரும்பிப் பார்க்கும், வயிற்றை நோக்கிக் காலை உதைக்கும், படுத்துப் படுத்து எழும். எங்கள் குதிரை முதல் மூன்றையும் ஒரு மாதமாகச் செய்திருக்கிறது. யாரும் கேட்காததால் நாலாவதாகக் கடித்தது. ஆக 'திடீர்' என்பது நம்முடைய வார்த்தை. குதிரையைப் பொறுத்தவரை அது ரொம்பத் தாமதம்!

என் கருத்து இதுதான். பிராணியின் நடத்தை மாறினால் குணத்தைக் குறை சொல்லும் முன் உடம்பைப் பாருங்கள். பழமொழியில் தம்பிரான் கொம்பு கொடுக்காத கதை இருக்கிறது. நாம் கொடுத்த கடிவாளம், சாட்டை, வார் பற்றி அதில் ஒன்றுமில்லை.

குதிரைக்காரரை மட்டும் திட்டுவதும் நியாயம் இல்லை. வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் பிராணிகளுக்காக 1965-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, முள் வைத்த கடிவாளம் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. அதை அவரிடம் யார் சொன்னார்கள்? 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருக்கும் குதிரைகள், மட்டக்குதிரைகள் எல்லாம் சேர்த்தே சுமார் 3.4 லட்சம். 2012-இல் 6 லட்சத்துக்கு மேல். குதிரை குறையும்போது குதிரையைத் தெரிந்தவர்களும் குறைகிறார்கள். மிச்சம் இருப்பவர் முகூர்த்த வாடகையை நம்பிப் பிழைக்கிறார். 'சினை, வராது' என்று சொன்னால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

அதனால் கேட்க வேண்டியது வாடகைக்கு எடுக்கும் நாம்தான். "எவ்வளவு?" என்று கேட்கும் வாயால் "சினையா? புண் ஏதும் இருக்கா?" என்றும் கேட்கலாம். லேசான வேலை ஆரம்ப மாதங்களில் கெடுதல் இல்லை. கடைசி மூன்று மாதம் ஓய்வு வேண்டும். குதிரை இல்லாவிட்டால் கல்யாணம் நின்றுவிடாது. எங்கள் மாப்பிள்ளை காரில் போய்த் தாலி கட்டவில்லையா? ஆத்திர அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம்.

குதிரையை விற்கவில்லை. ஆடியில் முகூர்த்தம் கிடையாது. ஆவணிக்கு முன்பணம் கொடுத்திருந்த இரண்டு வீட்டார் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. பெரிய தொகை இல்லைதான், ஆனால் கொள்ளுக்கும் தீவனத்துக்கும் ஆயிற்று. புண் ஆறியது. புரட்டாசிக் கடைசியில் குட்டி போட்டது.

பார்க்கப் போனேன். கொட்டகை வாசலை நெருங்கியதும் தாய் காதைப் பின்னால் மடக்கியது. குட்டி ஈன்ற புதிதில் பல குதிரைகள் அப்படித்தான் காவல் காக்கும்.

இந்த முறை எனக்குப் புரிந்தது. அங்கேயே நின்றுவிட்டேன்.