ஒரு களஞ்சியமும் இரு கணக்குகளும்

கொடைக்கானல் மலையில் குறிஞ்சி பூத்த 2018ஆம் ஆண்டில் நம் முதுகலை மாணவி ஒருவர் மன்னவனூருக்கும் பூம்பாறைக்கும் பலமுறை சென்று, முதியோரின் பேச்சைப் பதிவு செய்துவந்தார். பூண்டு பயிரிடுவது, தேன் எடுப்பது, மழை, காற்று, பூக்கும் பருவம் என ஒவ்வொன்றுக்கும் அம்மலையில் தனித்தனிச் சொற்கள் வழங்குகின்றன. அவற்றுள் பல நம் அகராதிகளில் ஏறாதவை. நாற்பது ஒலிப்பதிவுகளும் வளர்ந்துவந்த ஒரு சொல்லடைவும் அவர் உழைப்பின் பயன். அவை இன்று இல்லை. தொலைத்தவர் அவர் அல்லர், நாமே.

நடந்தது இதுதான். துறைக் கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. நூல் பக்கங்களை வடிவமைக்க ஒன்று. பழைய எழுத்துருக்களில் உள்ள கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்கள் மற்றொன்றில். இரண்டும் எடுத்தாளட்டும் என்று வன்தட்டில் ஒரு பொதுப் பிரிவை, கணினிக்காரர் மொழியில் ஒரு பார்ட்டிஷனை, ஒதுக்கியிருந்தோம். ஒரு மாலையில் முதல் இயங்குதளத்தை முறையாக மூடாமல் உறங்க வைத்துவிட்டுப் போனோம். மறுநாள் மாணவி மலையிலிருந்து இறங்கி வந்தார். இரண்டாவது இயங்குதளத்தைத் திறந்து, அவர் கொண்டுவந்த பதிவுகளை எல்லாம் அப்பொதுப் பிரிவில் ஏற்றினோம். அடுத்த பயணத்துக்கு வேண்டும் என்று பதிவுக்கருவியின் நினைவட்டையையும் துடைத்துக் கொடுத்தோம். பிற்பகல் முதல் இயங்குதளத்தை எழுப்பியபோது அந்தக் கோப்புறை காணாமற் போயிருந்தது. பதறி வட்டுச் சோதனையை ஓடவிட்டோம். பெயரற்ற துண்டுகள் சில மிஞ்சின, எதுவும் ஒலிக்கவில்லை.

இதில் மாயம் ஏதும் இல்லை. ஒரே களஞ்சியத்துக்கு இரண்டு கணக்கப்பிள்ளைகள் இருப்பதாகக் கொள்வோம். ஆளுக்கொரு கணக்கேடு. முதலாமவர் ஏட்டை மூடி ஒப்படைக்காமல், கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டே உறங்கிவிடுகிறார். இரண்டாமவர் வந்து, காலியாக இருந்த பத்தாயத்தில் புது நெல்லைக் கொட்டுகிறார். விழித்தெழுந்த முதலாமவர் பத்தாயத்தை எட்டிப் பார்ப்பதில்லை. தம் பழைய கணக்கையே நம்பி, அது காலி என்று எழுதி, வேறொன்றைக் கொட்டுகிறார். உறங்கவைக்கப்பட்ட இயங்குதளம் செய்வதும் இதுவே. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எந்த இடம் காலி என்னும் விவரங்களை அது நினைவில் வைத்தபடியே உறங்குகிறது. விழித்தபின் வட்டைப் புதிதாகப் படிக்காமல் அந்தப் பழைய விவரங்களையே மேலே எழுதுகிறது.

உறங்க வைக்காமல் மூடினாலும் ஆபத்து முற்றும் நீங்கிவிடுவதில்லை. 2012இல் வெளியான விண்டோஸ் 8 முதலாக ‘வேகத் தொடக்கம்’ என்னும் வசதி வந்தது. அது இயங்கும் கணினிகளில் ‘மூடு’ என்று ஆணையிட்டாலும் கணினியின் உட்கரு மூடப்படாமல் உறங்கவே வைக்கப்படுகிறது. ‘மறுதொடக்கம்’ என்று ஆணையிட்டால்தான் முழுமையாக மூடப்படும். லினக்ஸ் பக்கத்து மென்பொருள், விண்டோஸ் உறங்கும் பிரிவைக் கண்டுகொண்டால் அதில் எழுத மறுப்பதுண்டு. ஆனால் உறக்கத்தின் அடையாளக் கோப்பு விண்டோஸ் குடியிருக்கும் பிரிவில்தான் இருக்கும். தரவுக்கென்று தனியே ஒதுக்கிய பிரிவில் இராது. ஆகவே அந்தக் காவல் நமக்கு எப்போதும் கிடைக்கும் என்று நம்பியிருக்க இயலாது.

செய்தி பரவியதும் ஆசிரியர் அறையில் தீர்ப்பு உடனே கிடைத்தது: “லினக்ஸை எடுத்துவிடுங்கள், தொல்லை தீர்ந்தது.” இதை நாம் ஏற்கவில்லை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே மாணவர் கைக்குச் சென்றது. கட்டற்ற மென்பொருள் கிராமத்துப் பிள்ளையின் கையில் வந்து சேர்ந்தது சிறிய செயல் அன்று. இரண்டு இயங்குதளங்களைக் கொடுத்தது பிழையும் அன்று. இரண்டையும் ஒரு பிரிவில் புழங்கவிடும்போது என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்பதை நாம் கற்கவும் இல்லை, கற்பிக்கவும் இல்லை. பிழை அங்கேதான் இருக்கிறது.

அதிலும் தமிழ்த்துறையினர் இதை அறியாதிருப்பதற்குச் சாக்கு இல்லை. சுவடியியலை நாம் பாடமாக நடத்துகிறோம். பழைய நூல்களைக் காத்தது பனையோலையின் வலிமை அன்று, திரும்பத் திரும்பப் படியெடுத்த கைகள் என்று வகுப்பில் சொல்கிறோம். உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது பல படிகளை ஒப்பிட்டே பாடத்தைத் துணிந்தார். ஒன்றில் சிதைந்ததை மற்றொன்று காட்டிற்று. இத்தனையும் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒரே படியைத் துடைத்துக் கொடுத்தவர்கள் நாம்.

இதே மலையில் வேறொரு பாடமும் இருக்கிறது. கொடைக்கானலில் 1899இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே சூரியனைக் கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்து வந்தது. சூரியக் கரும்புள்ளிகளில் வாயு ஓட்டம் உண்டென்பதை எவர்ஷெட் 1909இல் கண்டறிந்ததும் அங்கேதான். அத்தகடுகளைப் பிற்காலத்தில் கணினிக் கோப்புகளாக மாற்றினார்கள். மாற்றியபின் தகடுகளைத் தூக்கி எறிந்துவிடவில்லை. புதிய படி வந்துவிட்டது என்பது மூலத்தை அழிக்கக் காரணம் ஆகாது.

ஆகவே நம் கோரிக்கை எளியது. சுவடியியல் தாளிலேயே மின்கோப்புகளைப் பேணும் முறையையும் ஓர் அலகாகச் சேர்க்க வேண்டும். இரண்டு இயங்குதளம் உள்ள கணினியில் வேகத் தொடக்கத்தையும் உறக்கத்தையும் நிறுத்திவிடுக. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லுமுன் முழுமையாக மூடுக. ஐயம் இருந்தால் பொதுப் பிரிவைப் படிப்பதற்கு மட்டும் திறக்கலாம், எழுத வேண்டாம். கோப்பு தொலைந்தது தெரிந்தால் அவ்வட்டில் வேறெதையும் எழுதாமல் கணினியை நிறுத்தி, அறிந்தவரிடம் கொடுக்க வேண்டும். நம்மைப்போல் பதறி வட்டுச் சோதனையை ஓடவிடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வேறு வேறு வட்டுகளில் இரண்டு படிகள் சேர்ந்து, இரண்டையும் திறந்து கேட்டபின் அன்றி நினைவட்டையைத் துடைக்கக்கூடாது. மாணவரின் களப்பணித் தொகுப்பு துறைக்குள் வரும்போதே இது விதியாக இருத்தல் வேண்டும்.

அந்த மாணவி நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. குறிப்பேட்டில் கையால் எழுதிவைத்திருந்த சொற்களைக்கொண்டு திட்டக்கட்டுரையை முடித்தார். மறுபடி பதிவு செய்ய அவர் மலையேறிச் சென்றபோது, முன்பு பேசிய முதியோருள் இருவர் இல்லை. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2030இல் மீண்டும் பூக்கும். அவ்விருவரின் குரலுக்கு அப்படி ஒரு தவணை கிடையாது.