பெப்ரவரி 4க்கு எந்தக் கொடி?



ஒவ்வொரு ஜனவரியும் எங்கட குழுவுக்குள்ள ஒரே சண்டைதான். யார் பேசுறது, பதாகையில என்ன எழுதுறது எண்டதெல்லாம் அரை மணித்தியாலத்தில் முடிஞ்சிடும். "எந்தக் கொடி கொண்டு வாறது?" எண்டு யாராவது கேட்டவுடனே வாட்ஸ்அப்பில் விடிய விடியச் செய்தி ஓடும். இந்த முறை மூன்று பேர் கோபத்தில் குழுவை விட்டுப் போய், இரண்டு பேர் திரும்பி வந்திருக்கினம். அதனால் இந்த மாத ஆசிரியர் பக்கத்தைக் கொடிக்கே ஒதுக்கியிருக்கிறேன். முடிவு கூட்டத்தில்தான் எடுக்கப்படும். கீழே இருப்பது என்னுடைய கருத்து மட்டும்.

இந்தச் சண்டையில் வழக்கமாக இரண்டு பதில் வரும். இரண்டுமே எனக்குப் பிடிக்கிறதில்லை. ஒன்று, "வெறும் துணிதானே, ஏன் இவ்வளவு கதை?" வெறும் துணியென்றால் அதுக்காக ஆக்களைச் சுட மாட்டார்கள். மற்றது, "கொடி புனிதமானது, அதைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது." கேள்வி கேட்கக் கூடாத பொருள் எதுவும் ஒரு இடதுசாரிக் குழுவுக்குள் இருக்க முடியாது. கொடிக்கு என்ன அர்த்தம் எண்டு கேட்டால் ஆளுக்கொரு அர்த்தம் சொல்லலாம். அதற்குக் கீழே யார் நிற்கலாம், நின்றால் அவருக்கு என்ன நடக்கும் எண்டு கேட்டுப் பாருங்கோ, அவ்வளவு சுலபமாகப் பதில் சொல்ல முடியாது.

சிங்கக்கொடியில் இருந்தே தொடங்குவம். இந்தக் கதை எங்கட இளையவர்கள் பலருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். கண்டி அரசனின் சிங்கக்கொடியையே சுதந்திர இலங்கையின் கொடியாக்க வேண்டும் என்று 1948 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் பிரேரணை கொண்டு வந்தவர் ஒரு சிங்களத் தலைவர் இல்லை. மட்டக்களப்பு உறுப்பினர் முதலியார் சின்னலெப்பை. வரலாறு எங்களுடைய வசதிக்கு நடந்து தருவதில்லை. எதிர்ப்பு வந்ததும் பண்டாரநாயக்க தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழு கண்ட சமரசம்தான் இன்றைய கொடியில் இருக்கிற இரண்டு கோடுகள்: தமிழருக்குச் செம்மஞ்சள், முஸ்லிம்களுக்குப் பச்சை. குழுவில் இருந்த செனட்டர் நடேசன் அதற்கு உடன்படாமல் மறுப்பைப் பதிவு செய்தார். 1951 மார்ச்சில் கொடி நிறைவேறியது.

கொடியை ஒருக்கால் நல்லாப் பாருங்கோ. சிங்கத்துக்கு மஞ்சள் கரையோடு தனிச் சதுரம். கோடுகள் அந்தச் சதுரத்துக்கு வெளியே. சிங்கம் வாளை நீட்டிக்கொண்டு அந்தக் கோடுகளின் பக்கம்தான் பார்க்கிறது. மஞ்சள் கரை முழுக் கொடியையும் சுற்றி ஓடுகிறது, அதுதான் ஒற்றுமை எண்டு அரசாங்க விளக்கம் சொல்லும். ஒரு வீட்டுக்கு மதில் ஒன்று, அறை வேறு எண்டால் அதுவும் ஒரு வகை ஒற்றுமைதான். பிறகு 1972இல், பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்த குடியரசு யாப்பு வந்த அதே ஆண்டில், சிங்கத்தைச் சுற்றியிருந்த நான்கு மூலைகளிலும் அரசிலை வந்து உட்கார்ந்தது. அன்பு, கருணை, மகிழ்ச்சி, சமநிலை என்று நான்குக்கும் நல்ல பெயர்கள் உண்டு.

அந்த இரண்டு கோடுகளையும்கூடப் பொறுக்க முடியாதவர்களும் இருக்கினம். தெற்கில் சிங்களப் பேரினவாதக் குழுக்களின் ஊர்வலங்களில் கோடுகள் இல்லாத வெறும் சிங்கக்கொடி பறப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதனால்தான் சிங்கக்கொடியை எரிப்பம் என்று வரும் யோசனைக்கு நான் ஒவ்வொரு ஆண்டும் எதிராக வாக்களிக்கிறேன். இங்கிலாந்தில் கொடி எரிப்பதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 1989இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைப் பேச்சுரிமை என்றே தீர்ப்பளித்தது. சட்டம் என் பிரச்சினை இல்லை. அந்தக் கொடியை எரிக்கிறபோது முதலில் கருகுவது எங்களை வெளியே நிறுத்திய ஏற்பாடா, அல்லது அந்த ஏற்பாட்டுக்குள்ளேயும் எங்களுக்கென்று விட்டிருந்த ஓரமா? எரிக்கிற கோபம் எனக்கு விளங்குது. ஆனால் அந்தப் படம் அடுத்த நாள் கொழும்பில் யாருக்கு உதவும் எண்டும் எனக்குத் தெரியும். எங்களோடு வந்து நிற்கிற சிங்களத் தோழர்கள் ஊருக்குப் போனால் விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

இனி கஷ்டமான பகுதி. அதே கேள்வியைப் புலிக்கொடிக்கும் கேட்க வேணும்.

எங்களில் பலர் அந்தக் கொடியோடு வளர்ந்தவர்கள். 2009இல் நாடாளுமன்றச் சதுக்கத்தில் அப்பாவின் தோளில் இருந்து அதை ஆட்டின பிள்ளைகள் இப்போது எங்கட குழுவில் பல்கலைக்கழக மாணவர்கள். அவர்களுக்கு அது ஒரு இயக்கத்தின் சின்னம் மட்டும் இல்லை. செத்துப்போன மாமாவின் முகம், உலகம் திரும்பிப் பார்க்காத அந்தச் சில மாதங்கள். அதை நான் மறுக்கப் போறதில்லை. ஆனால் எங்கட குழுவில் முஸ்லிம் தோழர்களும் இருக்கினம். 1990 ஒக்ரோபரில் வடக்கில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியாலம். அந்தக் கொடிக்குக் கீழேதான் அது நடந்தது. சிங்கம் எங்களைச் சதுரத்துக்கு வெளியே வைத்தது என்று நாங்கள் சொல்கிறபோது, புலிக்கொடியில் தனக்கு ஓரம்கூட இல்லை என்று ஒரு தோழி சொன்னால் என்ன பதில் வைத்திருக்கிறம்? "அது வேற கதை" எண்டு சொல்லுவினம். வேற கதைதான். ஆனால் கேள்வி ஒன்றுதான்.

சட்டத்தையும் நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனெண்டால் இதில் ஆக்கள் காதில் விழுந்ததை வைத்துத்தான் கதைக்கினம். நாட்டுக்கு நாடு விதி வேறு. நான் சொல்வது பிரித்தானியாவுக்கு. 2001இல் இருந்து புலிகள் இயக்கம் இங்கே தடைப்பட்டியலில் இருக்கிறது. பயங்கரவாதச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, தடைசெய்யப்பட்ட அமைப்பின் உறுப்பினர் அல்லது ஆதரவாளர் என்று நியாயமான சந்தேகம் எழும் வகையில் ஒரு பொருளைப் பொது இடத்தில் காட்டினாலே குற்றம். ஆறு மாதம் வரை சிறை. "எழுத்து இருந்தால் இயக்கக்கொடி, எழுத்து இல்லாட்டில் தேசியக்கொடி" என்ற எங்கட ஆக்களின் விளக்கத்தை நான் நூறு தரம் கேட்டிருக்கிறேன். அது எங்களுக்குள் பெரிய வேறுபாடு. ஆனால் சட்டம் கேட்பது நீங்கள் மனதில் என்ன நினைத்தீர்கள் என்பதை இல்லை. பார்க்கிறவருக்கு என்ன சந்தேகம் எழும் என்பதை. லண்டனில் குர்திஷ் ஆர்ப்பாட்டம் ஒன்றில் பி.கே.கே. கொடி பிடித்தவர்களின் வழக்கில், 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: கொடி பிடித்தவரின் நோக்கம் என்னவாக இருந்தாலும் குற்றம் குற்றம்தான். 2025 கோடையில் பலஸ்தீன் அக்சன் தடைசெய்யப்பட்ட பிறகு, அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு அமைதியாக இருந்த நூற்றுக்கணக்கானவர்களை அள்ளிக்கொண்டு போனதும் அதே 13ஆம் பிரிவால்தான்.

இந்தச் சட்டம் நல்ல சட்டம் எண்டு நான் சொல்ல வரவில்லை. அதை எதிர்த்து எழுதியிருக்கிறம், இன்னும் எழுதுவம். ஆனால் சட்டம் எல்லாருடைய முதுகிலும் ஒரே மாதிரி விழுவதில்லை. பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருக்கிற எனக்குக் கைது என்பது ஒரு இரவும் ஒரு வழக்கறிஞரும். அகதி விண்ணப்பம் உள்துறை அலுவலகத்தில் கிடக்கிற தோழருக்கு அது முழு வாழ்க்கை. எனக்குத் தெரிந்த ஒரு அண்ணை எல்லா ஆர்ப்பாட்டத்துக்கும் வருவார், கையில் எதுவும் வைத்திருக்க மாட்டார், எப்பவும் பெரிய பதாகைக்குப் பின்னால்தான் நிற்பார். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று யார் யாரோ படம் எடுக்கினம், ஊரில் தங்கச்சி இருக்கிறாள் எண்டார். அவருக்குப் பக்கத்தில் நின்று நான் என் துணிச்சலைக் காட்டுவது அவருடைய செலவில்.

அப்ப எதைப் பிடிக்கிறது? என் பதில் பழைய பதில்தான்: கறுப்புக்கொடி.

சிங்களம் மட்டும் சட்டம் வந்தது 1956இல். அடுத்த சுதந்திர தினத்தில், 1957 பெப்ரவரி 4 அன்று, திருகோணமலையில் கறுப்புக்கொடி ஏற்றப் போன நடராசன் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது இயக்கமும் இல்லை, துவக்கும் இல்லை. கொடியேற்றும் நாளில் இன்னொரு நிறத்துத் துணி மட்டும்தான். பெப்ரவரி 4 எங்களுக்குக் கறுப்பு நாளானதில் அந்தச் சாவுக்குப் பெரிய பங்கு உண்டு. லண்டனில் பிறந்த எத்தனை பேருக்கு நடராசனைத் தெரியும்?

தமிழ்நாட்டுத் தோழர்களுக்குக் கறுப்புக்கொடி புதுசில்லை. 1958 ஜனவரியில் சென்னைக்கு வந்த நேருவுக்குத் தி.மு.க. கறுப்புக்கொடி காட்டியது. 2018 ஏப்ரலில் காவிரிப் பிரச்சினையில் மோடி வந்தபோது கறுப்பு பலூன்களே வானத்தில் ஏறின. பலூனைத் தடியால் அடித்துக் கலைக்க முடியாது. எனக்கு அந்தக் குறும்பு நல்லாப் பிடிக்கும்.

அரச கொடிகளுக்கு எத்தனை ஒழுங்கு இருக்குது எண்டு பாருங்கோ. தலைகீழாகப் பிடிக்கக் கூடாது, நிலத்தில் படக் கூடாது, அரைக்கம்பத்தில் பறக்கவிட வேண்டுமென்றால்கூட முதலில் உச்சிக்கு ஏற்றிப் பிறகுதான் பாதிக்கு இறக்க வேணும். துக்கத்திலும் முதலில் அதிகாரத்தின் உச்சியைத் தொட்டுவிட்டுத்தான் இறங்குகிறது. கறுப்புக்கொடிக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. பழைய சேலையைக் கிழித்துச் செய்யலாம். யாருக்கும் அதில் ஓரம் ஒதுக்கத் தேவையில்லை, யாரையும் சதுரத்துக்குள் வைக்கவும் இல்லை. முஸ்லிம் தோழி பிடிக்கலாம், சிங்களத் தோழர் பிடிக்கலாம், மலையகத்தில் இருந்து வந்த பிள்ளை பிடிக்கலாம். மலையகத் தமிழருக்கு 1948 எண்டால் அந்த ஆண்டே குடியுரிமையைப் பறித்த சட்டம். அவர்கள் கறுப்புப் பிடிக்க எங்களிடம் காரணம் கேட்கத் தேவையில்லை. பதாகைக்குப் பின்னால் நிற்கிற அண்ணையும் பிடிக்கலாம். கறுப்புத் துணி எந்தத் தடைப்பட்டியலிலும் இல்லை.

இன்னொரு யோசனை மே மாதத்துக்காக வந்திருக்குது. இளைய தோழர் ஒருவர், முள்ளிவாய்க்கால் நினைவு நாளில் வெள்ளைக்கொடி பிடிப்பம் என்று கேட்டிருக்கிறா. முதலில் எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது, சரணடைகிற கொடியை நாங்கள் ஏன் பிடிக்க வேணும் எண்டு. பிறகு யோசித்துப் பார்த்தேன். உயிரைக் காக்கவென்றே விதி எழுதப்பட்ட கொடி அது. வெள்ளைக்கொடியோடு பேச வருபவரைத் தொடக் கூடாது என்று 1907 ஹேக் விதிகள் சொல்கின்றன. ஆயுதத்தைக் கீழே வைத்தவரை மனிதராக நடத்த வேண்டும், உள்நாட்டுப் போரிலும்கூட, என்று 1949 ஜெனீவா உடன்படிக்கைகளின் பொதுவான 3ஆம் பிரிவு சொல்கிறது. 2009 மே 18 காலையில் வெள்ளைக்கொடியோடு போனவர்களில் இன்னொரு நடேசனும் புலித்தேவனும் இருந்தார்கள். உயிரோடு திரும்பவில்லை. அந்தக் கொலைகளுக்காக இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. "வெள்ளைக்கொடி வழக்கு" என்ற பெயரில் ஒரு வழக்கு நடந்தது, ஆனால் அது கொன்றவர்கள் மீதில்லை. அந்தச் சம்பவம் பற்றிப் பத்திரிகைக்குச் சொன்னதற்காக முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவுக்கு 2011 நவம்பரில் மூன்று ஆண்டு சிறை.

அதே கடற்கரையில், தப்பி ஓட வெளிக்கிட்ட சனத்தைப் புலிகள் சுட்டதையும் ஐ.நா. நிபுணர் குழு 2011இல் பதிவு செய்திருக்கிறது. வெள்ளைக்கொடி பிடிப்பதென்றால் இந்த இரண்டையும் வாய்விட்டுச் சொல்லத் தயாராக இருக்க வேணும். பாதியைச் சொல்லுறதெண்டால் வேண்டாம். தயார் எண்டால், மே 18க்கு அதைவிடப் பொருத்தமான கொடி எனக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் எங்கட தெருவிலேயே ஒரு கொடிக்கதை நடக்குது. 2025 ஓகஸ்டில் இருந்து இங்கிலாந்தின் விளக்குக் கம்பங்களில் சென். ஜோர்ஜ் கொடியைக் கட்டிக்கொண்டு போகினம். பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு நடக்கிற எங்கட அம்மாமார் அந்தத் தெருவில் ஒரு நிமிசம் வேகமாக நடக்கினம். கட்டியவர்களில் கால்பந்து ரசிகரும் இருக்கலாம். ஆனால் கம்பத்துக்குக் கீழே நடப்பவருக்கு அதைப் பிரித்துப் பார்க்க வழியில்லை. நாங்கள் ஒரு கொடியைத் தூக்கும்போதும் எதிரே வருபவருக்கு இப்படித்தான்.

ஆகவே நான் கூட்டத்தில் முன்வைக்கப் போவது இதுதான். பெப்ரவரி 4 எங்கட வரிசையில் கறுப்புக்கொடியும், தொழிற்சங்கத் தோழர்கள் கொண்டு வந்தால் சிவப்பும். வேறு கொடி பிடிக்க விரும்புகிறவர்களோடு நாங்கள் சண்டை போடப் போறதில்லை, தடுக்கவும் போறதில்லை. ஆனால் எங்கட பதாகையில் இருந்து தள்ளி, சட்டம் என்னவென்று தெரிந்துகொண்டு பிடிக்கட்டும். விசா, அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்கள் முன்வரிசையில் வேண்டாம். அவர்களைப் படம் எடுத்துப் போடவும் வேண்டாம். முகம் தெரியாமல் படம் எடுக்கப் பழகுங்கோ. மறுப்பு இருந்தால் எழுதுங்கோ, அடுத்த இதழில் வெட்டாமல் போடுவம்.

துணி வாங்கியாச்சு. 20 மீற்றர் கறுப்புப் பருத்தி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வழக்கமான இடத்தில் தைக்கிறம். தையல் மெஷின் ஒன்றுதான் இருக்குது. வீட்டில் அம்மம்மாவின் மெஷின் சும்மா கிடந்தால் கேட்டுக் கொண்டு வாங்கோ, அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லம். நடராசனை நினைவு வைத்திருக்கிற வயது அவவுக்கு இருக்கும்.