மணலுக்குச் சான்று யார் தருவது?



2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தால் எங்கள் நாமகிரிப்பேட்டை பேரூராட்சியில் வீடு கட்ட அனுமதி வாங்குவது சுலபமாகிவிட்டது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டுபவர் இணையத்தில் தானே உறுதி கொடுத்தால் போதும். நேரில் வந்து பார்ப்பதும் இல்லை, பணிநிறைவுச் சான்றும் வேண்டியதில்லை. அலைச்சல் மிச்சம், சந்தோஷம். ஆனால் வீட்டுக்காரனிடம் இத்தனை உறுதி வாங்கும் அரசு, அவன் வாசலில் லோடு இறக்குபவரிடம் ஒரு துண்டுச் சீட்டாவது கேட்கிறதா?

மஞ்சள் விற்ற காசைப் போட்டுக் கட்டிய எங்கள் வீட்டில் காலண்டர் மாட்ட ஆணி அடித்தால், ஆணி நிற்பதில்லை. உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுகிறது. விழுந்ததை விரலால் நசுக்கினால் மாவு. மேஸ்திரி மணலைக் குறை சொல்கிறார். மணல் விற்றவர் மேஸ்திரியைச் சொல்கிறார். இருவரும் சேர்ந்தால், நாங்கள் சரியாகத் தண்ணீர் காட்டவில்லையாம்! மிச்சமிருந்த மணலைப் பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தோம். தெளிந்ததும் மேலே கெட்டியாகப் படிந்தது சாம்பல் நிறச் சேறு. எம்-சாண்டு என்னும் செயற்கை மணலின் விலைக்குக் கிரஷர் டஸ்ட், அதாவது வெறும் கல்தூள்!

எம்-சாண்டே ஆகாது என்று சொல்லவில்லை. ஆற்று மணலுக்காகக் காவிரியை இனியும் சுரண்ட முடியாது. முறையாக நொறுக்கி, சலித்து, கழுவிய எம்-சாண்டில் நல்ல கான்கிரீட் போடலாம். பூச்சுக்குப் பி-சாண்டு தனியாகவே இருக்கிறது. தூள் மிகுந்தால்தான் வினை. மணலோடு சிமெண்ட் ஒட்டாது, கலவை தண்ணீரை இழுக்கும், காயும்போது வெடிக்கும். பொதுப்பணித் துறை தரம் பார்த்து ஒப்புதல் தந்த ஆலைகள் உண்டு. வருகிற லாரி அங்கிருந்துதான் வருகிறதா என்பதற்குத்தான் அத்தாட்சி இல்லை.

2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில், கை பட்டாலே பூச்சு உதிர்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அங்கே ஆய்வுக்கு ஐ.ஐ.டி. நிபுணர்கள் போனார்கள். நாமகிரிப்பேட்டைக்கு யார் வருவார்கள்? அடுக்குமாடி வீடு வாங்கியவருக்காவது ரியல் எஸ்டேட் சட்டத்தில் கட்டிக் கொடுத்தவரின் 5 ஆண்டுப் பொறுப்பு இருக்கிறது. சொந்த மனையில் மேஸ்திரி வைத்துக் கட்டியவன் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் முதல் கேள்வி, "பில் இருக்கா?"

சுற்றுக் கிராமங்களில் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் மூன்றரை லட்ச ரூபாய் மானியத்தில் 360 சதுர அடி வீடு கட்டுகிறார்கள். சிமெண்டும் கம்பியும் அரசு வழியாகவே கிடைக்கலாம். மணல் வரப்போவது இதே லாரிகளில்தான். அவர்கள் மறுபூச்சுக்கு எங்கே போவார்கள்?

மாவட்ட நிர்வாகம் மனது வைத்தால் போதும். ஆலைப் பெயரும் ஒப்புதல் எண்ணும் இல்லாத பில்லோடு எம்-சாண்டு லோடு இறங்கக் கூடாது. ஒப்புதல் பெற்ற ஆலைகளின் பட்டியலைப் பேரூராட்சி அலுவலக வாசலில் ஒட்டட்டும். ராசிபுரத்தில், சிறு கட்டணத்துக்கு ஒரு பை மணலைச் சோதித்துத் தரும் இடம் வேண்டும். அடுத்த தை மாதத்தில் வீட்டு வேலை தொடங்குபவர்களுக்காவது இவை கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
மஞ்சள் விவசாயி ஒருவர்,
நாமகிரிப்பேட்டை.