காம்பவுண்ட் வில்லை வீட்டிலேயே ‘செட்’ பண்ணலாமா? ஸ்பேனரை எடுக்கும் முன் இதைப் படிங்க!

ஸ்ரீவில்லிபுத்தூர் என்று சொன்னாலே பெயருக்குள் ஒரு வில் கேட்கும். வேட்டைக்குப் போன சகோதரர்கள் வில்லி, கண்டன் இருவரில் கண்டனைப் புலி கொன்றுவிட, வில்லி உருவாக்கிய ஊர் இது என்பது தலபுராணக் கதை. அதே ஊரின் மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் செண்பகத்தோப்பு இன்று புலிகள் காப்பகத்தின் வாசல். அங்கே பையில் ஒரு வில்லோடு போனால் என்ன ஆகும்? அதற்கு முன்னால், அந்த வில்லை நாமே கழற்றி மாட்டியிருந்தால்?

ஏன் இப்போது இந்தக் கேள்வி?

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் வில்வித்தையின் கலப்பு அணிப் போட்டி சேர்க்கப்படும் என 2025 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் வில் இடம்பெறுவது இதுவே முதல்முறை. இதில் நாம் சாதாரண ஆட்கள் இல்லை. 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் காம்பவுண்ட் பிரிவின் 5 தங்கமும் இந்தியாவுக்குத்தான். ஜோதி சுரேகா, ஓஜஸ் தேவ்தலே இருவரும் ஆளுக்கு 3 தங்கம் வென்றார்கள்.

ஆர்வம் வந்தாச்சு. ஆனால் புது வில் விலை அதிகம். செகண்ட் ஹேண்டில் ஒன்று கிடைக்கிறது. நம் கை நீளத்துக்குப் பொருந்தவில்லை. ஸ்ட்ரிங் நைந்திருக்கிறது. பக்கத்தில் சர்வீஸ் கடையும் இல்லை. ‘யூடியூப் பார்த்து நாமே மாத்திக்கலாமே’ என்று தோன்றுவது இயல்புதான். சிக்கல் ஆரம்பிப்பதும் அங்கேதான்.

சாதா வில்லுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சாதா வில்லில் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு நாண், அவ்வளவுதான். காம்பவுண்ட் வில்லில் மேலும் கீழும் லிம்ப் எனப்படும் விறைப்பான பட்டைகள். அவற்றின் நுனியில் கேம் எனப்படும் சக்கரங்கள். அவற்றை இணைக்கும் கேபிள்கள். நாணை இழுக்கும்போது சக்கரம் சுழன்று, கடைசிக் கட்டத்தில் கைக்கு வரும் பாரத்தைக் குறைத்துவிடும். இதை ‘லெட்-ஆஃப்’ என்பார்கள்.

உதாரணமாக 50 பவுண்டு வில், 80 சதவீத லெட்-ஆஃப். இழுக்கும் வழியில் உச்சத்தில் சுமார் 23 கிலோ பாரம். முழுசா இழுத்த பிறகு கையில் நிற்பது சுமார் 4.5 கிலோதான். அதனால்தான் நிதானமாகக் குறிபார்க்க முடிகிறது.

கைக்குப் பாரம் குறைகிறதே தவிர, வில்லுக்குள் இருக்கும் விசை எங்கும் போய்விடவில்லை. இன்னொரு முக்கியமான விஷயம்: சுவரில் சும்மா மாட்டியிருக்கும்போதும் இந்த வில்லின் லிம்ப்கள் வளைந்த நிலையில், இழுவிசையோடுதான் இருக்கின்றன.

அந்த விசை எவ்வளவு பெரிது?

ஒரு சின்னக் கணக்கு. 22 கிராம் எடையுள்ள அம்பு நொடிக்கு 80 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் ஆற்றல் சுமார் 70 ஜூல். மணிக்கு 108 கி.மீ. வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தின் ஆற்றலும் கிட்டத்தட்ட அதேதான்.

அம்பு இருந்தால் அந்த ஆற்றலை அது வாங்கிக்கொண்டு போய்விடும். அம்பே இல்லாமல் நாணை விட்டால்? அதற்குப் பெயர் ‘டிரை ஃபயர்’. மொத்த ஆற்றலும் வில்லுக்குள்ளேயே திரும்பும். லிம்ப் விரிசல் விடலாம், கேபிள் சக்கரத்திலிருந்து கழன்று அடிக்கலாம், சில்லுகள் முகத்தில் தெறிக்கலாம். ‘சும்மா ஒரு தடவை இழுத்துப் பாக்குறேன்’ என்று நண்பர் கேட்டால், கொடுக்காதீங்க.

வீட்டில் எதைச் செய்யலாம்?

இழுவிசையைத் தாங்காத பாகங்களை நீங்களே கவனித்துக்கொள்ளலாம்.

• சைட், அரோ ரெஸ்ட், ஸ்டெபிலைசர் போன்றவற்றை ஏற்கெனவே இருக்கும் துளைகளில் பொருத்துவது, சரிசெய்வது.
• நாணுக்கு அதற்கான மெழுகு தடவுவது.
• எய்வதற்கு முன் லிம்ப்களின் மேல் பஞ்சை மெதுவாகத் தேய்த்துப் பார்ப்பது. எங்காவது பஞ்சு சிக்கினால் அங்கே சிராய்ப்போ விரிசலோ இருக்கலாம். அப்படியானால் அந்த வில்லை இழுக்கவே வேண்டாம்.
• மேனுவல் அனுமதித்தால், லிம்ப் போல்ட்டைச் சுற்றி இழுவிசையைக் கூட்டிக் குறைப்பது. மேலும் கீழும் ஒரே அளவு சுற்ற வேண்டும். அதிகபட்சம் எத்தனை சுற்று என்று கம்பெனி சொல்லியிருப்பதைத் தாண்டிக் கழற்றினால், லிம்ப் பிடியிலிருந்து விடுபட்டுவிடும்.

எதைத் தொடவே கூடாது?

நாண், கேபிள் மாற்றுவது: இதற்கு ‘பவ் பிரஸ்’ என்ற கருவியில் வைத்து லிம்ப்களைச் சமமாக அழுத்த வேண்டும். கார் ஜாக்கி, மரக்கட்டை, கயிறு வைத்து வீட்டில் செய்யும் பிரஸ் ஒரு பக்கம் நழுவினால், உள்ளே இருக்கும் விசை முழுவதும் கையிலோ முகத்திலோ இறங்கும்.

கிடைத்த கயிறைக் கட்டுவது: இந்த நாண்கள் நீளாத, வலுவான செயற்கை இழைகளால் ஆனவை. நைலான் கயிறு இழுத்தால் நீளும். சக்கரங்களின் கணக்கே மாறிவிடும். ரிலீஸ் மாட்டும் சின்ன டி-லூப் கூட அப்படித்தான். முழு இழுப்பில் அந்த முடிச்சு அவிழ்ந்தால், உங்கள் கையே உங்கள் வாயில் குத்தும். வில்லும் டிரை ஃபயர் ஆகும்.

துளை போடுவது, ராவுவது: ரைசரிலோ லிம்ப்பிலோ டிரில் வைத்தால், விசை தாங்கும் இடத்தில் நீங்களே ஒரு பலவீனத்தை உண்டாக்குகிறீர்கள்.

அம்பை இலேசாக்குவது, குட்டையாக்குவது: வேகம் கூடும் என்று அம்பின் எடையைக் குறைப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு பவுண்டு இழுவிசைக்கும் குறைந்தது 5 கிரெயின் அம்பு எடை என்பது பொதுவான அளவு. அதாவது 50 பவுண்டு வில்லுக்கு 250 கிரெயின், சுமார் 16 கிராம். உங்கள் வில்லின் மேனுவல் இதைவிட அதிகம் சொன்னால் அதுதான் கணக்கு. அம்பு ரொம்பக் குட்டையானால், இழுக்கும்போது ரெஸ்ட்டிலிருந்து விழுந்து வில் பிடித்த கையிலேயே பாயலாம். விரிசல் விட்ட கார்பன் அம்பும் அப்படித்தான். எய்யும் நொடியில் உடைந்து கைக்குள் இறங்கும். ஒவ்வொரு அம்பையும் லேசாக வளைத்து, காதருகே வைத்துச் சத்தம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எய்ய வேண்டும்.

வெயில் காரில் விடுவது: இது மாற்றம் இல்லைதான். ஆனால் பல அடுக்குகளை ஒட்டிச் செய்த லிம்ப்களுக்குச் சூடு எதிரி. விருதுநகர் மாவட்டத்து மே மாத வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

‘ஷீத்தல் தேவிக்கு மட்டும் மாற்றலாமா?’

நியாயமான கேள்வி. ஜம்மு-காஷ்மீரின் கிஷ்த்வாரைச் சேர்ந்த ஷீத்தல் தேவிக்குப் பிறவியிலேயே கைகள் இல்லை. காலால் வில்லைப் பிடித்து, தோளால் இழுத்து, தாடையின் உதவியோடு அம்பை விடுவிக்கிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் சேர்ந்து வெண்கலம் வென்றார். அவருக்காகத் தனியாக வடிவமைத்த சாதனங்கள் இல்லாமல் இது நடந்திருக்காது.

ஆனால் அந்த மாற்றங்களைப் பயிற்சியாளர்கள் அருகில் இருந்து, அவரது உடலுக்கு ஏற்றபடி, சோதித்துச் சோதித்துச் செய்தார்கள். வீட்டு மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்து செய்தது இல்லை. மாற்றம் தப்பு இல்லை. யார் மேற்பார்வையில் என்பதுதான் விஷயம்.

சரி, செண்பகத்தோப்பில் டெஸ்ட் பண்ணலாமா?

கூடாது. ‘ஆள் இல்லாத இடம்’ என்று நமக்குத் தோன்றும் அந்தக் காடு, 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்காக அறிவிக்கப்பட்ட சரணாலயம். 2021 பிப்ரவரியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. பளியர் குடும்பங்கள் வாழும் இடமும்கூட. தோப்பு வேலைக்கும் கோயிலுக்கும் ஆட்கள் போய் வருவார்கள். குறி தவறிய அம்பு 300 மீட்டரைத் தாண்டியும் போகும். மரங்களுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்பதன் விளக்கத்திலேயே வில், அம்பு இரண்டும் வருகின்றன. பிரிவு 31-ன்படி, எழுத்துபூர்வ முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்துடன் சரணாலயத்துக்குள் நுழையவே கூடாது. விலங்கை எய்தால்தான் குற்றம் என்று இல்லை. வில்லோடு உள்ளே போவதே குற்றம். 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேட்டையாடினால் தண்டனை இன்னும் கடுமை.

அப்போ என்னதான் செய்வது?

பயிற்சி மையம் எவ்வளவு தூரமாக இருந்தாலும், முதல் செட்டிங்கை அங்கே பவ் பிரஸ் வைத்திருக்கும் ஆளிடம் செய்துகொள்ளுங்கள். பழைய வில் வாங்கும் முன் மாடல் பெயரைப் பார்த்து மேனுவலைத் தேடிப் படியுங்கள். உங்கள் கை நீளத்துக்கு அதை மாற்றியமைக்க முடியாது என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம். எய்வது ரேஞ்சில் மட்டும்.

ரேஞ்சிலும் கவனம் தேவை. 2020 ஜனவரியில் அசாமில், பயிற்சியின்போது 12 வயது வீராங்கனையின் கழுத்துப் பகுதியில் அம்பு பாய்ந்தது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் அறுவை சிகிச்சை செய்து அதை அகற்றினார்கள். முறையான பயிற்சியிலேயே இப்படி நடக்கும் என்றால், ஸ்பேனரும் யூடியூப்பும் மட்டும் துணையாக இருக்கும் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசிச்சுப் பாருங்க.