ராத்திரி வருகிற பூச்சிக்குப் பகலில் மருந்தா?

சுருளிப்பட்டிப் பக்கம் எனக்கு முக்கால் ஏக்கர் திராட்சைப் பந்தல். போன போகத்தில், அறுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது பழங்கள் ஒழுக ஆரம்பித்தன. அழுத்திப் பார்த்தால் ஊசி குத்தின மாதிரி துளை. "நல்லா நனைய மருந்தடிங்க மாமா" என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். அடித்தேன். துளை குறையவில்லை.

ஒரு ராத்திரி டார்ச் லைட்டோடு பந்தலுக்குள் குனிந்து போனபோதுதான் ஆள் அகப்பட்டது. கொத்தில் சருகு ஒட்டியிருக்கிறது என்று கையை நீட்டினேன். சருகு இறக்கை விரித்தது. உள்ளே ஆரஞ்சு நிறம், அதில் கறுப்புத் திட்டு.

யூடோசிமா என்கிற அந்துப்பூச்சிப் பேரினத்தைச் சேர்ந்தது இது. பெரும்பாலான அந்துப்பூச்சிகளுக்கு உறிஞ்சுகுழல் மெல்லியது, பூந்தேனுக்குத்தான் ஆகும். இதற்கு நுனி கெட்டிப்பட்டு முள் முளைத்திருக்கிறது. மாதுளை, ஆரஞ்சுத் தோலையே துளைத்துவிடும். அது குடிக்கிற சாறு கொஞ்சம்தான். துளை வழியே பூஞ்சாணம் இறங்கிப் பழம் அழுகுவதுதான் நமக்கு நஷ்டம்.

புழு தின்னும், அந்து சும்மா பறக்கும் என்பதுதான் நமக்குப் பழக்கமான கணக்கு. இங்கே அது தலைகீழ். இதன் புழு பழத்தைத் தொடுவதில்லை. வேலியிலும் ஓடையோரத்திலும் படர்கிற சீந்தில், கட்டுக்கொடி இலைகளைத் தின்று வளர்கிறது. சீண்டினால் உடம்பை வளைத்து, பக்கவாட்டிலுள்ள கண் போன்ற புள்ளிகளைக் காட்டி மிரட்டும். அந்து பகலெல்லாம் புதரில் பதுங்கியிருந்து இருட்டிய பின் தோட்டத்துக்கு வருகிறது. பகலில் நான் அடித்த மருந்து யாருக்கு?

சீந்திலை வெட்டச் சொல்கிறது வேளாண் பரிந்துரை. வேலியோரம் வெட்டினேன்; காய்ச்சல் கஷாயத்துக்கு வைத்திருந்த கொடி போச்சே என்று மாமியார் திட்டியதுதான் மிச்சம். மேகமலை அடிவாரம் முழுக்க யார் வெட்டுவது?

என் பந்தலில் இருப்பது 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை. தோலோடு வாயில் போடுகிற பழம். அறுப்புக்கு முந்தின வாரம் அதன்மேல் மருந்தடிப்பது தப்பு என்றே சொல்வேன். உதிர்ந்த பழத்தின் வாசனை பூச்சியைக் கூப்பிடும், அதை அன்றன்றே பொறுக்கிப் புதைக்கலாம். மாலையில் புகைமூட்டம் போடலாம். மாதுளை, ஆரஞ்சு வைத்திருப்பவர்கள் பழத்துக்குப் பை கட்டலாம். எல்லாவற்றையும்விட, கையால் பிடிப்பது கைகண்ட வைத்தியம். ஆனால் நான் மட்டும் பிடித்தால் அடுத்த பந்தலிலிருந்து வந்துவிடும்.

பக்கத்துத் தோட்டத்து மாப்பிள்ளைகளே, பழம் பழுக்கிற வாரம் ஸ்பிரேயரை இறக்கி வைத்துவிட்டு, ராத்திரி எட்டு மணிக்கு டார்ச்சோடு வாருங்கள்.